நீலத் திரை கேட்ட இலக்கம்

கனடாவில், வெக்ஸ்போர்ட் வீட்டின் பேஸ்மென்டில் நவரட்ணம் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் மூடி கழன்று கிடந்தது. உள்ளே புத்தம்புது மதர்போர்ட். பக்கத்தில், தேநீர்ச் சாசரில், மிஞ்சிப்போன ஸ்குரூ ஒன்று.

"இது எங்கையிருந்து மிஞ்சினது?" என்று மனைவி சந்திரவதனா கேட்டாள்.

"உது எக்ஸ்ட்ரா. அவங்கள் எப்பவும் ஒண்டு கூடத்தான் வைப்பாங்கள்."

"நீங்கள் கழட்டி எடுத்ததுதானே மிஞ்சியிருக்கு. அது எப்பிடி எக்ஸ்ட்ரா?"

பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் தேத்தண்ணீர் கேட்பது நவரட்ணத்தின் வழக்கம். கேட்டார். சந்திரவதனா அசையவில்லை. இன்று தேத்தண்ணீர் போடும் நிலையில் அவள் இல்லை.

சந்திரவதனாவோடு வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு அவள் பதற்றம் புரியும். இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கார்களுக்கு வயர்க்கட்டு செய்யும் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். தொழிற்சாலையை மூடியதும், "இனி ஆறுதலா வீட்டில இரும்" என்று ஆளாளுக்கு உபதேசம் செய்தார்கள். அவள் ஆறுதலாக இருக்கவில்லை. யூடியூபைப் பார்த்துப் பார்த்து வீடியோ தொகுக்கக் கற்றுக்கொண்டாள். ஐம்பத்து நாலு வயதில் இது என்ன பைத்தியம் என்று சிரித்தவர்கள் எல்லாம், கொஞ்ச நாளில் தங்கள் வீட்டுப் பிறந்தநாள் வீடியோவைத் தூக்கிக்கொண்டு அவளிடமே வந்தார்கள்.

ஆனால் அவையெல்லாம் சும்மா ஒத்திகை. இன்றைக்குத்தான் அரங்கம். தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் வேலை செய்த றெஜினாவின் மகளுக்கு இன்று கல்யாணம். மாலை வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாண ஹோலுக்குள் நுழைவதற்கு முன், பெரிய திரையில் ஒரு படம் ஓடும். உலகம் முழுக்கச் சிதறிக்கிடக்கும் உறவுகள் ஆளுக்கொரு வாழ்த்துச் சொல்லும் படம். பாரிசில் உணவக அடுக்களைக்குள் நின்று ஏப்ரனோடு வாழ்த்துகிற மாமா, மெல்பேர்னில் கார் ஓட்டியபடியே வாழ்த்துகிற மச்சான், மன்னாரில் நாய் குரைப்பதற்கு மேலே கத்திக் கத்தி வாழ்த்துகிற சின்னம்மா. எல்லோரையும் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, ஒரு கோவையாக்கியவள் சந்திரவதனா. கடைசியில், 'தொகுப்பு: சந்திரவதனா நவரட்ணம்' என்று வெள்ளை எழுத்தில் வரும். அந்த வரியை அவள் எத்தனை தடவை ஓடவிட்டுப் பார்த்தாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. பாவம், வெட்கப்படுவாள்.

வியாழக்கிழமை பின்னேரம் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து கருகல் மணம் வந்தது. அதோடு அது கண்ணை மூடிவிட்டது.

லோரன்ஸ் பிளாசாவில் இருந்த கடைக்காரர் திறந்து பார்த்து, மதர்போர்ட் போய்விட்டது, டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, திங்கட்கிழமை செய்து தருகிறேன் என்றார். கல்யாணம் சனிக்கிழமை. நவரட்ணம் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "போர்டை மட்டும் தாரும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று சொல்லி வாங்கி வந்துவிட்டார்.

படம் முழுவதும் அந்த டிஸ்க்குக்குள்தான் இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த வாழ்த்துகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், இடம் போதாமல் போனிலிருந்து அழித்திருந்தாள். இன்னொரு தடவை அனுப்பச் சொல்லலாம் என்றால், றெஜினாவின் தம்பி சரக்குக் கப்பலில் வேலை. இப்போது எந்தக் கடலின் நடுவில் நிற்கிறானோ தெரியாது. அக்காவின் மகளை நினைத்துக் கண் கலங்கி அவன் சொன்ன வாழ்த்துத்தான் படத்தின் உயிர். அது இல்லாமல் றெஜினாவின் முகத்தில் எப்படி முழிப்பது?

"இனி அமத்துங்கோ பாப்பம்" என்றாள்.

நவரட்ணம் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது.

"விசிறி சுத்துதெல்லோ!" என்றார் அவர், அரைவாசி வெற்றியை முழு வெற்றியாக்கும் குரலில்.

"விசிறி சுத்திறதைப் பாக்கவே ஹோலுக்குச் சனம் வருகுது? கொஞ்சம் அரக்குங்கோ."

அவரைத் தள்ளிவிட்டு அவள் முழந்தாளிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். வயர்கள் அவளுக்குப் புதிதில்லை. எந்த வயரும் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். சேராமல் தொங்கினால் அங்கேதான் கோளாறு. ஒரு மூலையில், மின்விசிறிக்குப் பின்னால், ஒரு பிளக் அநாதையாகத் தொங்கியது. அதன் ஓட்டைகளுக்குச் சரியான பொருத்து புதுப் போர்டின் மேல் விளிம்பில் இருந்தது. அவள் விரலை விட்டு அழுத்தினாள். 'டிக்' என்று சத்தம் கேட்டது.

மறுபடி பொத்தானை அழுத்தினார்கள். இந்தமுறை திரை விழித்தது. விழித்ததும் முதல் வார்த்தையாக, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் முறையிட்டது.

நவரட்ணம் போனில் யாரோ ஒரு பையனின் வீடியோவை ஓடவிட்டார். புதுப் போர்ட் பழைய முறையில் தொடங்கப் பார்க்கிறது, உள்ளே போய் ஒரு செற்றிங்கை மாற்று என்றான் பையன். அவர் உள்ளே போனார், வழி தவறினார், வெளியே வந்தார், மறுபடி போனார். ஒவ்வொரு தடவை மெஷினை மறுதொடக்கம் செய்யும்போதும் கண்ணை மூடி நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டார். கந்தனோ பையனோ, யாரோ ஒருவர் மனம் வைத்தார்கள். டிஸ்க்கின் பெயர் திரையில் வந்தது.

"வதனா! பிடிச்சிட்டுது!"

திரை முழுவதும் நீலமானது. நீலத்தின் மேல் வெள்ளை எழுத்துகள். இந்த டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, திறக்க மீட்பு இலக்கத்தைத் தா என்றது. இலக்கத்தை எழுத, வரிசையாகக் காலிக் கட்டங்கள். அது எங்கே கிடைக்கும் என்பதற்கு அடையாளமாக, பாதி மறைத்த ஒரு மின்னஞ்சல் முகவரி. முதலெழுத்து மட்டும் தெரிந்தது. ஆங்கில 'வி'.

இரண்டு பேரும் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெங்கட்" என்றார் நவரட்ணம், மெதுவாக.

மருமகன் வெங்கட் திருச்சிக்காரன். சொஃப்ட்வெயர் வேலை. மகள் அட்சயா காதலித்துக் கட்டிக்கொண்டவன். இந்தக் கம்ப்யூட்டரே அவன் வாங்கித் தந்ததுதான். முதல் நாள் அவனே உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டிப் பொருத்தினான். மின்னஞ்சல் கேட்ட இடத்தில், சந்திரவதனாவுக்கு அப்போது ஒன்று இல்லாததால், தன்னுடையதைப் போட்டான். "அப்புறமா உங்க பேருக்கு மாத்திக்கலாம் அத்தை" என்றான்.

எங்கள் வீடுகளில் எல்லாமே அப்படித்தானே. விஷயம் தெரிந்த பிள்ளை ஒன்றின் பேரில் இன்டர்நெட், அந்தப் பிள்ளையின் பேரிலேயே அப்பாவின் போன், அம்மா படம் பார்க்கிற கணக்கு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவியின் கடவுச்சொல்கூட. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அப்புறம் மட்டும் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

வெங்கட்டுக்கு ஒரு போன் போட்டால் முடியும் வேலை. ஆனால் அந்தப் போனை எப்படிப் போடுவது?

தைப்பொங்கலன்று இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அட்சயாவுக்கு இப்போது ஏழாம் மாதம். "பேபி பிறந்தா நீங்க மில்லிக்கன்ல வந்து எங்களோட இருங்கோ அம்மா, ஒரு வருஷம்" என்று அன்றைக்குக் கேட்டாள். சந்திரவதனா, "ஒரு வருஷம் ஏலாது பிள்ளை, நான் இப்பதானே தொடங்கியிருக்கிறன்" என்றாள். பொங்கல் ஆறிப்போனது. அட்சயா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே, "உங்களுக்கு என்னை விட உந்தக் கம்ப்யூட்டர்தான் பெரிசு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து பேச்சில்லை. சந்திரவதனா தினமும் காலையில் பூப்படம் போட்ட வணக்கம் ஒன்றை அனுப்புவாள். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழும். பதில் வராது.

இப்போது முதல் தடவையாகப் போன் எடுத்து, கேட்கப்போவது எதை? அந்தக் கம்ப்யூட்டரை! உனக்குச் சுகமா, பிள்ளை துடிக்கிறதா என்று கேட்கத் தோன்றாத அம்மா, கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்றதும் கூப்பிடுகிறாள் என்று மகள் நினைத்தால் அதில் பிழை உண்டா?

"நான் எடுத்துக் கேக்கிறன்" என்றார் நவரட்ணம்.

"நீங்கள் எடுத்தால் அழுவீங்கள்."

"அது உண்மைதான்" என்று ஒப்புக்கொண்டார்.

அவள் நீலத் திரையைப் பார்த்தாள். றெஜினாவை நினைத்தாள். கப்பல்காரத் தம்பியை நினைத்தாள். வெள்ளை எழுத்தில் வரும் தன் பேரையும் நினைத்தாள். அதை ஏன் மறைக்க வேண்டும்? பிறகு வெங்கட்டின் இலக்கத்தை அழுத்தினாள். அட்சயாவைக் கூப்பிட அவளுக்குத் துணிவு வரவில்லை.

"அத்தை! சொல்லுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" வெங்கட்டின் குரலில் கோபம் எதுவும் இல்லை.

"இருக்கிறம் தம்பி. பிள்ளை எப்பிடி?"

"நல்லா இருக்கா. சோபாவுல படுத்துக்கிட்டு என்னைத் திட்டிட்டிருக்கா."

"தம்பி, ஒரு உதவி." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கருகல் மணத்திலிருந்து நீலத் திரை வரை ஒரே மூச்சில்.

"மதர்போர்ட மாத்தினீங்களா? யாரு, மாமாவா?" வெங்கட் விசிலடித்தான். "சூப்பர். போர்ட மாத்தினா அது கேக்கத்தான் செய்யும் அத்தை. யாரோ திருடிட்டுப் போய் வேற மெஷின்ல போட்டுட்டாங்கன்னு நெனச்சுக்கும். அது கேக்குற அந்த நம்பர், கீ, என் அக்கவுண்ட்ல இருக்கும். திரையில ஒரு ஐடி இருக்கே, அதோட முதல் எட்டு எழுத்தப் படிங்க."

அவள் படித்தாள். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அத்தை... ஒரு சின்னச் சிக்கல். உள்ள போறதுக்கு ஒரு கோட் அனுப்புறான். அது அட்சயா போனுக்குப் போகுது. நான் கனடா வந்த புதுசுல எனக்குன்னு நம்பர் கிடையாது, அவ நம்பரத்தான் குடுத்திருந்தேன்."

"அப்ப?"

"அப்ப, அவகிட்ட சொல்லித்தான் ஆகணும்."

விஷயம் தெரிந்த பிள்ளையும் இன்னொரு பிள்ளையின் பேரில்தான் ஓடியிருக்கிறது! சந்திரவதனா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். மறுமுனையில் குசுகுசுப்புக் கேட்டது. வெங்கட் மூன்று சொல் சொன்னால் அட்சயா ஒரு சொல் சொன்னாள். நவரட்ணம் போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார். அவள் அவரைத் தள்ளினாள். அவர் மறுபடி வந்தார்.

"அம்மா."

இத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சொல். சந்திரவதனா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ளை... சாப்பிட்டியே?"

"கீ வேணும் எண்டு வெங்கட் சொன்னார். நான் வாசிக்கிறன், நீங்க டைப் பண்ணுங்கோ. ஆறு ஆறு நம்பரா வரும்."

குரலில் குளிர். ஆனால் போனை வைக்கவில்லையே. சந்திரவதனா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு."

"பைவ், நைன், சீரோ..."

"அஞ்சு, ஒன்பது, சைபர்..."

"டூ, டூ, சிக்ஸ்."

"ரெண்டு, ரெண்டு, ஆறு. சரி."

மகள் ஆங்கிலத்தில் வாசித்தாள். அம்மா தமிழில் திருப்பிச் சொல்லித் தட்டினாள். அட்சயா சின்னப் பிள்ளையாய் இருந்தபோதும் இப்படித்தான். வாய்ப்பாட்டை அவள் ஆங்கிலத்தில் சொல்ல, இவள் தமிழில் சரி பார்ப்பாள். இரண்டாம் கட்டம் நிறைந்தது. மூன்றாவதும் நிறைந்தது.

"கெதியா வாசிக்காதை பிள்ளை, விரல் பின்னுது."

"இவ்வளவு நாளும் எப்பிடி எடிட் பண்ணுறனீங்க, டைப் பண்ணத் தெரியாம?"

"அது மவுசால செய்யிற வேலை."

மறுமுனையில் ஒரு மூச்சுச் சத்தம். சிரிப்பா, சலிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. நவரட்ணத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"பேபி இப்ப உதைக்குது" என்றாள் அட்சயா திடீரென்று. "நம்பர் வாசிச்சா உதைக்குது."

"கணக்குப் பிள்ளை போல" என்றாள் சந்திரவதனா. அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

கட்டங்கள் ஒவ்வொன்றாய் நிறைந்தன. கடைசி ஒன்று மட்டும் காலியாக இருந்தது. அட்சயா நிறுத்திவிட்டாள்.

"அம்மா."

"சொல்லு பிள்ளை. இன்னும் ஒரு கட்டம்தான்."

"தெரியும். அதுக்கு முதல் ஒண்டு கேக்கட்டே? ஐ ஜஸ்ட் நீட் டு நோ. அண்டைக்குக் கேட்டதுதான். பேபி பிறந்தா நீங்க வந்து எங்களோட இருப்பீங்களா? யெஸ் ஓர் நோ."

சந்திரவதனா விசையிலிருந்து கையை எடுத்தாள்.

ஓம் என்று ஒரு சொல் போதும். சொல்லிவிட்டால் ஆறு இலக்கம் வந்துவிடும், திரை திறந்துவிடும், கல்யாணமும் நடந்துவிடும். பிறகு ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொள்ளலாம். நவரட்ணம் இரண்டு கையையும் ஆட்டி, வாயை ஓசையில்லாமல் அகலத் திறந்து, 'ஓம் எண்டு சொல்லும், ஓம் எண்டு சொல்லும்' என்று தவித்தார். சந்திரவதனா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"பிள்ளை, நீ பெறேக்கை நான் உன்ர தலைமாட்டில நிப்பன். வெங்கட் தம்பி வேணாம் எண்டாலும் நிப்பன். பிள்ளை பெத்த உடம்புக்குச் சரக்குக்கறி காய்ச்சிக் கொண்டு வருவன். எந்த நேரம் கூப்பிட்டாலும் கார் எடுத்துக்கொண்டு வருவன்." அவள் குரல் உடைந்தது. ஆனாலும் சொன்னாள். "ஆனா இதை மூடி வைச்சிட்டு ஒரு வருஷம் அங்க வந்து இருக்க மாட்டன். எனக்கு இந்த வேலை வேணும். இல்லை எண்டுதான் சொல்லுறன்."

நவரட்ணம் தலையில் கையை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் போனின் திரையைப் பார்த்தாள். இல்லை, இன்னும் இருந்தது.

"ஓம் எண்டு சொல்லியிருந்தா நான் நம்பரைத் தந்திருப்பன்" என்றாள் அட்சயா.

"தெரியும்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ அதை நம்பி இருந்திடுவாய் எல்லோ. பிறகு நான் வராட்டில், அந்த நேரத்தில பச்சைப் பிள்ளையோட நீ தனியா எங்க போவாய்?"

மூக்கை உறிஞ்சும் சத்தம். தூரத்தில் வெங்கட், "என்னாச்சு அட்சு?" என்று கேட்டான்.

"டூ" என்றாள் அட்சயா. "டூ, செவன், போர்..."

சந்திரவதனாவுக்கு விசைகள் மங்கலாகத் தெரிந்தன. தடவித் தடவி அடித்தாள். கடைசி இலக்கத்தையும் அடித்து, பெரிய விசையைத் தட்டினாள்.

நீலம் மறைந்தது. இருட்டு வந்தது. நவரட்ணம் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தார். இருட்டின் நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாய் ஓடத் தொடங்கின. ஓடின, நின்றன, மறுபடி ஓடின. பிறகு திரை பளிச்சென்று விரிந்தது. அவளுடைய கோப்புகள், அவள் வைத்த இடத்திலேயே, வரிசை குலையாமல் இருந்தன.

"வந்திட்டுது!" நவரட்ணம் போட்ட சத்தம் மில்லிக்கனுக்குப் போனில்லாமலே கேட்டிருக்கும்.

"வந்திட்டுதா அம்மா?"

"வந்திட்டுது பிள்ளை. எல்லாம் இருக்கு."

"கங்கிராட்ஸ்" என்றாள் அட்சயா. போனை வைத்துவிட்டாள்.

அந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது? வாழ்த்தா, குத்தலா? யோசிக்க நேரமில்லை. சந்திரவதனா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். கப்பல்காரத் தம்பி கண் கலங்கும் இடத்தில் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். மன்னார் நாயை அப்படியே விட்டாள். அந்த நாய் இல்லாவிட்டால் சின்னம்மா இல்லை. படத்தை முழுதாக்கி இரண்டு யூஎஸ்பியில் ஏற்றினாள். ஒன்று கைப்பைக்குள் போனது. மற்றது நவரட்ணத்தின் சட்டைப்பைக்குள்.

"இனி எனக்கு ஏதும் நடந்தாலும் படம் ஓடும்" என்றார் அவர்.

"நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவுங்கோ."

பின்னேரம் அவள் மயில்நீலப் பட்டுச் சேலை உடுத்தினாள். கொண்டையில் பூ வைத்தாள். கண்ணாடியில் பார்த்தபோது தன்னை அவளுக்குப் பிடித்திருந்தது. மகளை நினைத்ததும் அந்தச் சந்தோஷத்தில் ஒரு முள் குத்தியது. இருந்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தான். அதை அவள் விடவில்லை.

நவரட்ணம் காரைச் சூடாக்கப் போனார். மார்ச் மாதத்துச் சேறும் பனியும் வாசலில் கலந்து கிடந்தன. பட்டுச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்திரவதனா கதவைத் திறந்தாள்.

வாசற்படியில் அட்சயா நின்றாள். அவளை இறக்கிவிட்ட வாடகைக் கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. மூட முடியாத கோட்டுக்கு வெளியே வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பக்கத்தில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி.

"பிள்ளை! என்ன இது? வெங்கட் எங்கை?"

அட்சயா மூச்சு வாங்கினாள். முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் உதட்டில் அந்தப் பழைய பிடிவாதம் இருந்தது. அம்மாவிடமிருந்து வந்த பிடிவாதம்தான், வேறெங்கிருந்து வரும்?

"நீங்க அங்க வர மாட்டீங்க எண்டால், நான் இங்க வாறன். நீங்க கீழ வேலை செய்யுங்கோ. நான் மேல இருக்கிறன். அதுக்கும் நோ சொல்லுவீங்களா?"

இது ஏன் இத்தனை நாளாய் ஒருத்தருக்கும் தோன்றவில்லை? சந்திரவதனா சேலையைக் கைவிட்டாள். அது சேற்றில் புரண்டது. மகளைக் கட்டிப்பிடிக்கப் போனவள் வயிறு இடித்துப் பாதியில் நின்று, முகத்தை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஓம்" என்றாள். "ஓம் பிள்ளை, ஓம், ஓம்."

கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். வெங்கட்.

அட்சயா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "எடுக்காதேங்கோ அம்மா. எடுத்தாலும் நான் இங்க வரேல்லை எண்டு சொல்லுங்கோ. ப்ளீஸ்."

சந்திரவதனா மகளின் கண்ணைப் பார்த்தாள். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"அத்தை, அட்சயா அங்க வந்தாளா?" வெங்கட்டின் குரல் நடுங்கியது. "ஊர்லேர்ந்து எங்க அம்மாவுக்கு விசா வந்துடுச்சு. அடுத்த வாரம் வர்றாங்க, பிரசவத்துக்கு நம்ம கூடவே இருப்பாங்கன்னு சொன்னேன். சந்தோஷப்படுவான்னுதான் சொன்னேன். குளிச்சிட்டு வந்து பாத்தா ஆளைக் காணோம். போனும் எடுக்கல."

அட்சயா தலையைக் குனிந்துகொண்டாள். வீதியில் நவரட்ணம் ஹோர்ன் அடித்தார். பிறகுதான் மகளைக் கண்டு, எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி ஓடிவந்தார்.

"ஓம் தம்பி, இங்கதான் நிக்கிறா" என்றாள் சந்திரவதனா. "சுகமா நிக்கிறா. பயப்பிடாதேங்கோ." போனை மகளிடம் நீட்டினாள். "காலமை உனக்குச் சொல்லாத பொய்யை இப்ப அவருக்குச் சொல்ல மாட்டன். இந்தா, நீயே கதை."

அட்சயா போனைப் பார்த்தபடி நின்றாள். உள்ளேயிருந்து, "அட்சு? அட்சு?" என்று குரல் வந்துகொண்டிருந்தது. பிறகு வாங்கிக் காதில் வைத்தாள்.

"வெங்கட், ஐ'ம் ஓகே. அம்மாவின்ர படம் இண்டைக்கு ஸ்க்ரீன்ல ஓடுது, நான் பாக்கப் போறன். நீங்களும் ஹோலுக்கு வாங்கோ. அங்க கதைப்பம்."

பெட்டியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, சறுக்காமல், ஒவ்வொரு அடியாகக் காருக்கு நடந்தாள். நவரட்ணம் இந்தமுறை மறைக்காமலே அழுதார்.

சந்திரவதனா பெட்டியை உள்ளே இழுத்துவிட்டுக் கதவைப் பூட்ட நினைத்தாள். ஒரு கையால் இழுத்தாள், அது அசையவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள். ஒரு வாரத்துக்கு வந்துபோகிறவள் கொண்டுவரும் பாரமில்லை அது.